தோல் செல்லிலிருந்து கருமுட்டையா? அந்தச் செய்தியில் விடுபட்டுப்போன பெண்

தாணே ஸ்டேஷனில் ஃபாஸ்ட் லோக்கலுக்காக நிற்கிறீர்கள். பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் விளம்பரம்: கருமுட்டையை இப்போதே உறையவைத்துக்கொள்ளுங்கள், குழந்தையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதே நேரம் போனில், காலேஜ் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு: 'இனி கருமுட்டையே தேவையில்லை, தோல் போதும்! விஞ்ஞானிகள் சாதனை.'

உங்களுக்கோ உங்கள் மனைவிக்கோ முப்பது தாண்டியிருந்தால் மனதில் ஒரு கணக்கு ஓடும். 'அப்போ எதுக்கு இப்பவே லட்சக்கணக்குல செலவு பண்ணணும்? ரெண்டு மூணு வருஷம் பொறுத்தா தோல்லயே முட்டை பண்ணிடுவாங்களே?'

அந்த ஃபார்வர்டு முழுப்பொய் இல்லை. ஆனால் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டது. அந்த ஆய்வில் தோல் செல் கொடுத்தது உட்கருவை மட்டும்தான். அதை முட்டையாக மாற்றும் வேலையைச் செய்தது இன்னொரு பெண்ணின் உடலிலிருந்து எடுத்த உண்மையான கருமுட்டை. அது இல்லாமல் இந்தச் சோதனையே இல்லை. அந்த முட்டைக்குள் என்ன நடக்கிறது, இது ஏன் உங்கள் முடிவையும் நம் சட்டத்தையும் தொடுகிறது என்று பார்ப்போம்.

செய்தி உண்மையில் என்ன?

2025 செப்டம்பர் 30 அன்று 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. அமெரிக்காவின் ஓரிகன் ஹெல்த் அண்ட் சயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷவ்க்ரத் மிதாலிபோவ் தலைமையிலான குழு செய்த ஆய்வு அது.

அவர்கள் செய்தது இதுதான். தானமாகக் கிடைத்த கருமுட்டைகளிலிருந்து அவற்றின் சொந்த மரபுப் பொருளை நீக்கினார்கள். அந்த இடத்தில் ஒரு தோல் செல்லின் உட்கருவை வைத்தார்கள். தோல் செல்லில் 46 குரோமோசோம்கள் இருக்கும். முட்டைக்குத் தேவை 23தான், மீதி 23 விந்தணுவிலிருந்து வர வேண்டும். எனவே விந்தணுவைச் செலுத்தி, கூடவே மின்தூண்டலும் ஒரு மருந்தும் கொடுத்து, தோல் செல்லின் குரோமோசோம்களில் ஏறக்குறையப் பாதியை முட்டை வெளியே தள்ளும்படி செய்தார்கள். இந்த முறைக்கு 'மைட்டோமயோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

இப்படி 82 முட்டைகள் உருவாயின. அவற்றில் சுமார் 9 சதவீதம் மட்டுமே ஆறாம் நாள் வரை வளர்ந்து, பிளாஸ்டோசிஸ்ட் எனும் கருநிலையை எட்டின. பெரும்பாலானவை 4 முதல் 8 செல் நிலையிலேயே நின்றுவிட்டன. வளர்ந்தவற்றிலும் பிரச்சினை இருந்தது. எந்தக் குரோமோசோம் தங்கும், எது வெளியேறும் என்பது குத்துமதிப்பாகவே நடந்தது. சில ஜோடிகளில் இரண்டும் தங்கின, சிலவற்றில் ஒன்றுகூடத் தங்கவில்லை. இந்தக் கருக்களைக் கொண்டு யாரும் கர்ப்பம் உண்டாக்க முயலவில்லை. இது சிகிச்சையாக மாறக் குறைந்தது பத்து ஆண்டு ஆய்வாவது தேவை என்று அந்தக் குழுவே சொல்கிறது.

ஆக, ரெண்டு மூணு வருஷக் கணக்கு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

தோல் செல் ஏன் தோலாகவே இருக்கு?

மாட்டுங்காவில் ஒரு பழைய மெஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி காலத்துச் சமையல் நோட்டு ஒன்று. அதில் இட்லி முதல் கல்யாண விருந்து வரை எல்லாக் குறிப்பும் உண்டு. அந்த நோட்டை நகலெடுத்து ஊரெங்கும் கிளைகளுக்கு அனுப்புகிறார்கள். இட்லி மட்டும் விற்கும் கிளையில் மற்ற பக்கங்களையெல்லாம் ஸ்டேப்ளர் அடித்து மூடிவிடுகிறார்கள். பக்கம் கிழிக்கப்படவில்லை, மூடப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான்.

உங்கள் தோல் செல்லும் அப்படித்தான். மூளை, கல்லீரல், ரத்தம் என்று முழு உடலுக்குமான டிஎன்ஏ அதற்குள் இருக்கிறது. தோலுக்குத் தேவையான ஜீன்கள் மட்டும் திறந்திருக்கும். மற்றவை இறுக்கமாகச் சுருட்டப்பட்டு, வேதிக் குறிகளால் பூட்டப்பட்டிருக்கும். தோல் செல் பிரிந்தால் மறுபடி தோல் செல்லே வருவதற்கு இந்தப் பூட்டுகள்தான் காரணம்.

பக்கங்கள் மூடப்பட்டிருக்கின்றனவா, கிழிக்கப்பட்டுவிட்டனவா என்ற கேள்விக்கு நீண்ட காலம் விடை தெரியாமல் இருந்தது. விடை தவளையிடமிருந்து வந்தது.

தவளை முட்டை சொன்ன பதில்

1952-இல் அமெரிக்காவில் ராபர்ட் பிரிக்ஸ், தாமஸ் கிங் இருவரும் தவளைக் கருவின் செல் உட்கருவை, உட்கரு நீக்கிய தவளை முட்டையில் வைத்துத் தலைப்பிரட்டை வளர்த்தார்கள். ஆனால் சற்று முதிர்ந்த செல்லை எடுத்தால் தோற்றார்கள். முதிர்ந்த செல்லால் திரும்ப முடியாது என்றே பலர் முடிவுக்கு வந்தார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் கர்டன் விடவில்லை. பள்ளியில் உயிரியல் பாடத்தில் கடைசி இடம் வாங்கியவர். விஞ்ஞானி ஆகும் ஆசையே அபத்தம் என்று ஆசிரியர் எழுதிக்கொடுத்த ரிப்போர்ட்டைக் கடைசிவரை தன் மேஜையருகே வைத்திருந்தார். தலைப்பிரட்டையின் குடல் செல்களை எடுத்தார். முட்டையின் சொந்த உட்கருவைப் புற ஊதாக் கதிரால் அழித்தார். குடல் உட்கருவை உள்ளே வைத்தார். 1962-இல் வெளியான ஆய்வின்படி, 726 முயற்சிகளில் 10 மட்டுமே நீந்தி இரை தின்னும் தலைப்பிரட்டைகளாக வளர்ந்தன. நூற்றுக்கு ஒன்றரை. ஆனால் ஒன்று வந்தாலே போதும், பக்கங்கள் கிழிக்கப்படவில்லை என்பது நிரூபணம். குடல் செல்லுக்குள் முழுத் தவளைக்கான குறிப்பும் இருந்தது. அதைத் திறந்துவிட்டது முட்டை.

அந்த வருஷம் ஜப்பானில் பிறந்த ஷின்யா யமனாகாவும் கர்டனும் 2012-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஓரிகன் ஆய்வு வெளியாகி ஒரே வாரத்தில், 2025 அக்டோபர் 7 அன்று, 92 வயதில் கர்டன் காலமானார்.

சரி, முட்டைக்குள்ள அப்படி என்னதான் நடக்குது?

மனித உடலின் மிகப் பெரிய செல் கருமுட்டை. குறுக்களவு சுமார் 0.1 மில்லிமீட்டர், கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் பருமனுக்குக் காரணம் அதன் சைட்டோபிளாசம், அதாவது உட்கருவைச் சுற்றியுள்ள பகுதி. அதில் புரதங்கள், அவற்றைத் தயாரிக்கும் ஆர்என்ஏ செய்திகள், சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் எல்லாம் முன்கூட்டியே சேமிக்கப்பட்டிருக்கும். இவையெல்லாம் விந்தணுவோடு வரும் உட்கருவைத் தயார்செய்யத்தான். விந்தணுவின் டிஎன்ஏவும் இறுக்கமாகச் சுருட்டித்தான் வருகிறது. அதைப் பிரித்து வேலைக்கு விடுவது முட்டையின் வழக்கமான பணி. நாம் தோல் உட்கருவை உள்ளே வைத்தால், முட்டை அதையும் அதே மாதிரி நடத்தத் தொடங்கிவிடுகிறது.

படிப்படியாகச் சொன்னால்:

முதலில், கலைப்பு. கருவுறக் காத்திருக்கும் முட்டை, செல் பிரிவின் நடுவில் நிறுத்தி வைக்கப்பட்ட நிலையில் இருக்கும். உள்ளே வந்த உட்கருவையும் அந்த நிலைக்கு அது இழுத்துவிடும். உட்கருவின் உறை கரைகிறது. குரோமோசோம்கள் சுருங்குகின்றன. 'இந்த ஜீனைப் படி' என்று டிஎன்ஏ மீது ஒட்டிக்கொண்டிருந்த தோல் செல்லின் புரதங்கள் பெரும்பாலும் கழன்று விழுகின்றன. தோலுக்கான உத்தரவுகள் நின்றுபோகின்றன.

அடுத்து, மாற்று. டிஎன்ஏ சுற்றியிருக்கும் உருளைகள் போன்ற புரதங்களுக்கு ஹிஸ்டோன் என்று பெயர். முட்டை தன் கிடங்கிலிருந்து தனக்கே உரிய ஹிஸ்டோன் வகைகளைக் கொடுத்துப் பழையவற்றில் பலவற்றை மாற்றுகிறது. சுருள் தளர்கிறது. உட்கரு பலமடங்கு வீங்குகிறது.

பிறகு, அழிப்பு. பூட்டாக இருந்த வேதிக் குறிகளில் கணிசமானவை நீக்கப்படுகின்றன. நம் மெஸ் கணக்கில், ஸ்டேப்ளர் பின்கள் பிடுங்கப்படுகின்றன.

கடைசியில், பொறுப்பு ஒப்படைப்பு. முதல் சில பிரிவுகள் முழுக்க முட்டையின் சேமிப்பில் ஓடுகின்றன. மனிதக் கருவில் 4 முதல் 8 செல் நிலையில்தான் புதிய உட்கரு தன் ஜீன்களைப் பெரிய அளவில் இயக்கத் தொடங்கும். ஓரிகன் கருக்கள் பெரும்பாலும் எங்கே நின்றன என்று நினைவிருக்கிறதா? அதே இடம். முட்டையின் கையிருப்பு தீர்ந்து, புதிய உட்கரு தானே வேலையை ஏற்க வேண்டிய கட்டம் அது.

முட்டை எவ்வளவு ஆள் பார்க்காமல் இந்த வேலையைச் செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். 2003-இல் கர்டன் குழு மனித ரத்த வெள்ளணுக்களின் உட்கருக்களைத் தவளையின் முதிராத முட்டைக்குள் செலுத்தியது. 'ஆக்ட்-4' எனும் ஜீன் தொடக்கநிலைக் கருவில் இயங்கும், ரத்த செல்லில் மூடிக்கிடக்கும். தவளை முட்டைக்குள் போனதும் அது விழித்துக்கொண்டது.

அப்போ ஏன் பெரும்பாலும் தோத்துப் போகுது?

ஏனென்றால் எல்லாப் பின்களும் பிடுங்கப்படுவதில்லை. விந்தணுவின் உட்கருவுக்காக வடிவமைந்த ஏற்பாடு இது. தோல் உட்கருவில் வேறுவகைப் பூட்டுகள் இருக்கின்றன, அவகாசமோ சில மணி நேரம்தான். தசை செல் உட்கருவிலிருந்து வளர்த்த தவளைக் கருக்களில், தசைக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களிலும் தசை ஜீன் இயங்கிக்கொண்டிருந்ததைக் கர்டன் குழு பார்த்தது. கிளை மாறியும் பழைய வேலையை மறக்காத ஊழியர் மாதிரி.

ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வகத்தில் 1996 ஜூலை 5 அன்று பிறந்த டாலி ஆட்டுக்குப் பின்னால் 277 முயற்சிகள் இருந்தன. 29 கருக்கள் கிடைத்தன. பிறந்தது ஒன்று. பிடிவாதமான பூட்டுகளில் ஒன்று ஹிஸ்டோன் மீதுள்ள ஒரு மெத்தில் குறி என்று பின்னால் தெரியவந்தது. அதை நீக்கும் நொதியைத் தயாரிக்கும் ஆர்என்ஏவைக் கூடுதலாகக் கொடுத்த பிறகுதான், ஷாங்காயில் இரண்டு குளோனிங் குரங்குகள் பிறந்தன. 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அவையும் முதிர்ந்த குரங்கின் செல்லிலிருந்து அல்ல, கருவிலிருந்த குரங்கின் செல்லிலிருந்து வந்தவை.

இவ்வளவு தோல்விகளுக்கு நடுவே ஒரு வெற்றி என்றால், அதற்கு என்ன அர்த்தம்? முட்டைகள் ஏராளமாக வேண்டும்.

இந்தியா இதில் எங்கே?

பலர் நினைப்பதைவிட முன்னால். ஹரியாணாவின் கர்னாலில் உள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் 2009 பிப்ரவரியில் குளோனிங் எருமைக் கன்றை உருவாக்கியது. சில நாட்களில் அது இறந்துவிட்டது. அதே ஆண்டு ஜூனில் கரிமா பிறந்தது. 2010-இல் பிறந்த கரிமா-2, 2013 ஜனவரியில் இயல்பான முறையில் ஒரு கன்றை ஈன்றது. 2012 மார்ச்சில் காஷ்மீரில் நூரி எனும் பஷ்மினா ஆடு. 2023 மார்ச் 16 அன்று கர்னாலில் கங்கா எனும் கிர் பசு.

கர்னால் குழு 'கையால் வழிநடத்தும் குளோனிங்' என்ற செலவு குறைந்த முறையைக் கையாண்டது. விலையுயர்ந்த நுண்கருவிக்குப் பதில், நுண்ணோக்கியில் பார்த்தபடி சிறு பிளேடால் முட்டையை வெட்டி உட்கரு பகுதியை நீக்குவார்கள். இந்த முறையில் பொதுவாக ஒரு கருவுக்கு இரண்டு முட்டைகளின் சைட்டோபிளாசத்தைச் சேர்ப்பார்கள்.

அவ்வளவு முட்டை எங்கிருந்து? எருமைகளுக்கு இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் கருப்பைகளோடு கிடைக்கும் சூலகங்களே போதுமானதாக இருந்தன. கங்காவுக்கு வேறு வழி: உயிருள்ள சாஹிவால் பசுக்களிடமிருந்து, அல்ட்ராசவுண்டில் பார்த்து ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள். ஐ.வி.எஃப். சிகிச்சையில் பெண்களிடமிருந்து எடுப்பதும் அடிப்படையில் இதே முறைதான்.

மனித முட்டைன்னு வரும்போதுதான் சிக்கல்

மனிதர்களுக்கு இறைச்சிக்கூடம் கிடையாது. ஒவ்வொரு முட்டைக்கும் பின்னால் ஒரு பெண் பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்து, மயக்க மருந்து வாங்கி, ஊசியைத் தாங்கியிருப்பார். சிலருக்குச் சூலகம் மிகையாகத் தூண்டப்பட்டு வயிறு வீங்கி மருத்துவமனையில் சேரும் நிலையும் வரும்.

தென்கொரியாவில் 2004, 2005-இல் ஹ்வாங் வூ-சுக் எனும் விஞ்ஞானி, குளோனிங் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுத்ததாக அறிவித்து உலகப் புகழ் பெற்றார். அது மோசடி என்று அம்பலமாகி, 2006 ஜனவரியில் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதைவிட அதிர்ச்சி, அந்த ஆய்வுக்காக 2,000-க்கும் மேற்பட்ட கருமுட்டைகள் பெண்களிடமிருந்து பெறப்பட்டிருந்தன. கொடுத்தவர்களில் அவரது ஆய்வகத்தில் வேலை பார்த்த இளம் பெண்களும் இருந்தார்கள். மேலதிகாரி கேட்டால் 'முடியாது' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது ஆபீஸ் போகிற யாருக்கும் தெரியும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2022-இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் பலமுறை எடுத்து விற்கப்பட்டது வெளியே வந்தது. வயதைக் கூட்டிக் காட்டப் போலி ஆதார் பயன்பட்டிருந்தது. அந்தச் சிறுமியின் தாயும் ஒரு இடைத்தரகரும் கைதானார்கள். சம்பந்தப்பட்ட மருத்துவமனைகள் மீது தமிழக அரசு நடவடிக்கை எடுத்தது. அது சாதாரணக் கருத்தரிப்பு சிகிச்சைக்கான தேவையிலேயே நடந்தது. நாளைக்கு முட்டை ஒரு 'மூலப்பொருள்' ஆகிவிட்டால் தேவை எந்த அளவுக்குப் போகும்?

நம் சட்டம் என்ன சொல்லுது?

கருத்தரிப்பு தொழில்நுட்பத்துக்கான மத்தியச் சட்டம் 2021-இல் நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி:

• முட்டை தானம் செய்யும் பெண்ணுக்கு வயது 23 முதல் 35 வரை இருக்க வேண்டும்.
• வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் தானம் செய்யலாம்.
• அப்போதும் 7 முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது.
• முட்டை, விந்தணு, கரு எதையும் விற்பது குற்றம்.

இப்போது ஓரிகன் கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். 82 முட்டைகளுக்கு, ஒருவருக்கு 7 என்று வைத்தால், குறைந்தது 12 பெண்கள். கிடைத்ததோ ஆறு நாள் வளர்ந்த ஏழெட்டுக் கருக்கள், அவையும் கருப்பையில் வைக்க லாயக்கில்லாதவை.

மனித குளோனிங் குழந்தையை உருவாக்குவதை ஐ.சி.எம்.ஆர்., உயிரித் தொழில்நுட்பத் துறை இரண்டும் 2017-இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதல்கள் தடைசெய்கின்றன. கருவை ஆய்வகத்தில் 14 நாட்களுக்கு மேல் வளர்ப்பதற்கும் தடை. ஆனால் ஓரிகன் முறையில் வருவது குளோன் அல்ல. விந்தணுவும் சேர்வதால் இருவரின் மரபு கலந்த கரு. கூடவே மூன்றாவது ஒருவரும் இருக்கிறார். மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக 37 ஜீன்கள் உண்டு, அவை முட்டை கொடுத்த பெண்ணிடமிருந்து வரும். 'தோல் என்னுடையது, அதனால் குழந்தை முழுக்க என்னுடையது' என்ற வாக்கியம் மரபணு அளவிலேயே சரியில்லை. இந்த மூன்றாவது பெண்ணின் உரிமை என்ன, அவரைப் பற்றிக் குழந்தைக்குச் சொல்லலாமா என்பதையெல்லாம் தொழில்நுட்பம் வந்த பிறகு யோசித்தால் தாமதமாகிவிடும்.

முட்டையே இல்லாம முட்டை செய்ய முடியாதா?

அதற்கும் ஒரு பாதை இருக்கிறது. 2006-இல் யமனாகா எலி செல்லுக்குள் நான்கே ஜீன்களைச் செலுத்தி, முட்டையின் உதவியில்லாமல் அதைத் தொடக்கநிலை ஸ்டெம் செல்லாகத் திருப்பினார். அப்படிப்பட்ட செல்லிலிருந்து எலி முட்டைகளை வளர்த்து, குட்டிகளையும் பிறக்கவைத்தார் ஜப்பானின் கட்சுஹிகோ ஹயாஷி. மனிதர்களில் இன்னும் கருவுறத்தக்க முட்டை இந்த வழியில் வரவில்லை. ஆனால் தானம் கொடுக்கும் பெண்ணின் தேவையை உண்மையிலேயே நீக்கக்கூடியது இந்தப் பாதைதான். இனி 'செயற்கைக் கருமுட்டை' என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரு கேள்வி கேளுங்கள்: இது யமனாகா வழியா, முட்டையைக் காலிசெய்து நிரப்பும் வழியா? பதில் இரண்டாவது என்றால், அங்கே ஒரு பெண் இருக்கிறார்.

சரி, இதுல உங்களுக்கு என்ன?

ஒன்று, இந்தச் செய்தியை நம்பி எந்த முடிவையும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு பெண் பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் முட்டைகளோடு பிறக்கிறார், புதிதாக உருவாவதில்லை. 35 வயதுக்குப் பிறகு எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும். தரம் என்று டாக்டர்கள் சொல்வதில் குரோமோசோம் மட்டுமல்ல, மேலே பார்த்த அந்தச் சைட்டோபிளாசக் கையிருப்பும் அடக்கம்.

இரண்டு, விளம்பரத்தையும் அப்படியே நம்பாதீர்கள். உறையவைத்த முட்டை ஒரு வாய்ப்புதான், உத்தரவாதம் இல்லை. என் வயதில் எத்தனை முதிர்ந்த முட்டை கிடைக்கும், அதில் எத்தனை கருவாகும், மையம் தேசியப் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மூன்று, தானமுட்டை வழியில் போகிறவர்கள், கொடுக்கும் பெண்ணின் வயது, சம்மதம், காப்பீடு எல்லாம் சட்டப்படி இருக்கிறதா என்று மையத்திடம் கேளுங்கள். 'அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்' என்பது பதில் இல்லை. ஈரோட்டுச் சிறுமியின் விஷயத்திலும் வாங்கிய பக்கத்தில் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

1986 ஆகஸ்ட் 6 அன்று, தாணேவிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பரேல் கே.இ.எம். மருத்துவமனையில், டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் ஆனந்த் குமாரும் அடங்கிய குழுவின் உழைப்பில் ஹர்ஷா எனும் ஐ.வி.எஃப். குழந்தை பிறந்தது. இந்தத் துறைக்கான மத்தியச் சட்டம் வர அதன் பிறகு 35 ஆண்டுகள் ஆயின. அடுத்த தொழில்நுட்பம் வர இன்னும் பத்து வருஷம் இருக்கிறது என்று விஞ்ஞானிகளே சொல்கிறார்கள். முட்டை கொடுக்கும் பெண்ணுக்கான விதிகளை எழுதி, அதை ஒழுங்காக அமல்படுத்தவும் பழக, இந்தத் தடவை முன்கூட்டியே நேரம் கிடைத்திருக்கிறது.